புதுப்பிப்பு: கிணற்றில் பெட்ரோல் வாடை – காரணம் கிடைத்துவிட்டது

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பெட்ரோல் வாடை வருகிறது, பக்கத்தில் பங்க் இருக்கிறது, ஆனால் லேப் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையே என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

வழக்கமான குடிநீர்ச் சோதனையில் பெட்ரோலில் இருக்கும் பென்சீன், டொலுயீன் என்ற ரசாயனங்களைப் பார்க்க மாட்டார்கள், தனியாகக் கேளுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் முதலில் கைகொடுத்தது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்துக் கொடுத்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பென்சீன். எங்கள் கிணறு அதைத் தாண்டியிருந்தது. அன்றே குடிக்க எடுப்பதை நிறுத்திவிட்டோம்.

அப்புறம் கண்காணிப்புக் குழாய், அதாவது நிலத்தடி நீரில் என்ன இருக்கிறது என்று பார்க்க இறக்கும் துளைக்குழாய். பெட்ரோல் தண்ணீர் மேல் மிதக்கும், அதனால் ஆழமாகப் போகாமல் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் துளையிட்ட பைப் இறக்குங்கள் என்ற யோசனைப்படி பங்க் வளாகத்தில் போட்டார்கள். எதிர்பாராதது இதுதான்: பங்கின் பெட்ரோல் தொட்டியை ஒட்டிய கண்காணிப்புக் குழாய் சுத்தமாக இருந்தது, தள்ளி எங்கள் பக்கம் இருந்ததில் பெட்ரோல் படலமே நின்றது. நம் பக்கத்துப் பாறையில் தண்ணீர் வெடிப்பு வழியாகத்தானே போகும். கசிந்தது தொட்டி இல்லை, பம்புக்குப் போகும் பைப்பின் இணைப்பு. அழுத்தச் சோதனையில் பிடிபட்டது, மாற்றிவிட்டார்கள்.

இதையும் கவனியுங்கள்: ஐப்பசி மழையில் மட்டம் ஏறியதும் படலம் காணாமல் போனது. சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். மண்ணிடுக்கில் சிக்கிய பெட்ரோல் மட்டம் இறங்கும்போது திரும்ப வரும். எங்களுக்குச் சித்திரையில் வந்தது. சோதனை தொடர்கிறது, குடிக்க இப்போதைக்குப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர்தான்.