மேல்புறம் குடும்பம்

[காலை 6:52] அத்தை: மக்கா, அண்ணனுக்குக் கஞ்சியும் பயறும் வச்சாச்சு. 8 மணி பஸ்ஸுல திருவனந்தபுரம் வாறேன்

[6:55] அண்ணன்: அப்பாவுக்கு வாயில ஒரு சொட்டு வெள்ளம்கூட குடுக்கப்பிடாதாம் அத்தை. குடல்ல தையல் போட்ட எடம் கசியுது

[6:58] சித்தப்பா: அதான் குளுக்கோஸ் போவுதே. பொறவு எதுக்கு அந்த வெள்ளை நெறப் பை? பில்லு பாத்தியா?

[7:03] நர்ஸ் மைனி: சின்ன மாமா, அரை லிட்டர் குளுக்கோஸ்ல சீனி 25 கிராம்தான். 85 கலோரி. ரெண்டு இட்டிலிக்குக் காணாது. படுத்துக் கெடந்தாலும் ஒடம்புக்குத் தெனமும் கிலோவுக்கு 25 கலோரி வேணும். அந்தப் பையில குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு மூணும் இருக்கு. பால் மாதிரி தெரியுறது கொழுப்பு

[7:05] சித்தப்பா: கையில ஏத்தலாம்லா? கழுத்துல குத்தி வச்சிருக்காவ

[7:06] நர்ஸ் மைனி: பையில உள்ளது நல்ல கெட்டி. கை நரம்பு தாங்காது, வீங்கிரும்

[7:07] நர்ஸ் மைனி: டயட்டீஷியன் கேக்காவ. மாமாவுக்கு முன்ன எடை எவ்வளவு? எத்தன நாளா சரியா திங்கல்ல?

[7:09] அம்மா: தின்னாவளே

[7:09] அண்ணன்: அம்மா, நெசத்த சொல்லுங்க

[7:14] அம்மா: பத்து நாளா பால் ஊத்தாத கட்டஞ்சாயாதான். சொல்லப்பிடாதுன்னு சொன்னாவ

[7:16] சித்தப்பா: கார்த்திகையில ரப்பர் சீட்டு கடை தராசுல ஏறினோம். அவரு 62

[7:19] நர்ஸ் மைனி: இங்க 53. நாலு மாசத்துல 9 கிலோ! ஒடம்புல நீர் கட்டியிருக்கு, அதனால நெசமான எடை இன்னும் கொறவாத்தான் இருக்கும். இத ஒடனே டாக்டர்ட்ட சொல்லணும்

[7:20] சித்தப்பா: அப்ப இன்னிக்கே நெறைய ஏத்தச் சொல்லு

[7:25] நர்ஸ் மைனி: ஐயோ கூடாது. பட்டினி கெடந்த ஒடம்புல ஒரேயடியா ஏத்தினா ரத்தத்துல உள்ள பாஸ்பேட், பொட்டாசியம் உப்பெல்லாம் படக்குன்னு எறங்கும், நெஞ்சே நின்னு போவும். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்ப முகாம்ல காஞ்சு கெடந்த கைதிகளுக்கு வயிறு நெறைய குடுத்தாவ, அதுலயே கொஞ்சப் பேரு செத்தாவ. அதனால மொதல்ல வைட்டமின் பி1 ஊசி, பொறவு கொஞ்சங்கொஞ்சமா. தெனமும் ரத்தம் எடுத்துப் பாப்பாவ. கசிவு நின்னா டியூப் வழியா குடலுக்கே குடுக்கத் தொடங்கலாம்

[7:27] அத்தை: எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. இந்தக் கஞ்சிய என்ன செய்ய?

[7:28] அண்ணன்: எடுத்துட்டு வாங்க. நானும் அம்மாவும் நேத்து மத்தியானத்துக்குப் பொறவு ஒண்ணும் திங்கல்ல

[7:29] அத்தை: அப்ப தொவையலும் அரைக்கேன்