மாசக் கடைசியில் மாமியார் பேரிலும் ஒரு பாலிசி

(சேலம் பக்கத்து இன்சூரன்ஸ் விற்பனை பற்றி மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக.)

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் ஆயுள் காப்பீட்டு கம்பெனியின் கிளையில் சேல்ஸ் மேனேஜராக இருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருக்கும், ஆனால் நமக்குக் கீழே சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடையாது. தெரிந்தவர்களைப் பிடித்து, ஏஜென்ட் ஆவதற்கான ஐசி 38 பரீட்சை எழுத வைத்து, ஏஜென்ட் கோடு வாங்கிக் கொடுத்து, அவர்கள் மூலமாக பிசினஸ் கொண்டுவர வேண்டும். பாதி கோடு யாராவது ஒருத்தர் மனைவி பேரில் இருக்கும், அந்தம்மா ஆபீஸ் படியே ஏறியிருக்க மாட்டார். இது கிளை மேனேஜருக்கும் தெரியும், அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரியும்.

காலை மீட்டிங்கில், முந்தின நாள் ஜீரோ போட்டவர்கள் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும். ஐம்பது வயது தாண்டியவர் ஒருவர் இருந்தார், அவரையும் நிற்க வைத்து "அண்ணே, இது பென்ஷன் வாங்குற ஆபீஸ் இல்ல" என்பார் எங்கள் கிளை மேனேஜர். அவருக்கு முப்பதுகூட இருக்காது. சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் பேர் பேராகச் சிவப்பு நிறத்தில் பட்டியல் வரும். சரி, அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மாசக் கடைசிதான் கொடுமை.

முப்பதாம் தேதி ராத்திரி வரைக்கும் யாரையும் வீட்டுக்கு விட மாட்டார். நம்பர் குறைந்தால் ஒரே கேள்விதான்: "உங்க வீட்ல யாருக்கெல்லாம் இன்னும் பாலிசி இல்ல?" என்கூட இருந்த தாரமங்கலத்துப் பையன் முதலில் மனைவி பேரில் போட்டான், அடுத்த மாதம் மச்சான் பேரில், அப்புறம் மாமியார். பிரீமியம் முழுக்க கிரெடிட் கார்டில். அடுத்த வருஷம் இதற்கெல்லாம் யார் பணம் கட்டுவது? எல்லாம் லேப்ஸ், அதாவது பணம் கட்டாமல் காலாவதி. இந்த வேலையில் 13வது மாத பெர்சிஸ்டன்சி என்று ஒரு கணக்கு உண்டு, விற்ற பாலிசியில் எவ்வளவு இரண்டாம் வருஷமும் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். அவனுக்கு அது தரைமட்டமானது. இன்சென்டிவை நிறுத்தினார்கள், எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், கடைசியில் ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். அந்த பாலிசிகளைப் போட வைத்தவரோ அதே நம்பரைக் காட்டி பிரமோஷன் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டார். பாலிசி போடுவதற்கும் அது லேப்ஸ் ஆவதற்கும் நடுவில் ஒரு வருஷம் இருக்கிறதே, அந்த ஒரு வருஷத்தில்தான் இந்த ஆட்கள் மேலே ஏறிவிடுகிறார்கள்.

வெளி ஆட்களுக்கு விற்பது இதைவிட மோசம். சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு "அஞ்சு வருஷம் கட்டுனா போதும்ணே, டெபாசிட் மாதிரிதான்" என்று சொல்லிப் போட்டார்கள். பேப்பரில் பன்னிரண்டு வருஷம். பாலிசி ஆவதற்கு முன்னால் கம்பெனியிலிருந்து சரிபார்ப்பு கால் வரும், அதற்கும் "என்ன கேட்டாலும் ஆமாம்னு சொல்லிருங்க, இல்லன்னா லேட்டாகும்" என்று முன்கூட்டியே பாடம் நடத்திவிடுவார்கள். முதல் பிரீமியத்தில் கொஞ்சம் நாங்களே போடுகிறோம் என்று ஆசை காட்டுவதும் உண்டு. இப்படிக் கமிஷனில் பங்கு திருப்பிக் கொடுப்பது 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 41வது பிரிவுப்படி தடை செய்யப்பட்டது, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அந்தப் பிரிவு விண்ணப்பப் படிவத்திலேயே அச்சாகியிருக்கும். அதே படிவத்தில்தான் கையெழுத்தும் வாங்குவார்கள்.

நான் விலகியபோது கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள். மெயில்களைச் சேமித்து வைத்திருந்ததால் வக்கீல் நோட்டீஸ் போனதும் வந்தது. ஆனால் திட்டியதற்கெல்லாம் என்னிடம் ஆதாரம் இல்லை. திட்டுவது எப்போதும் வாட்ஸ்அப் காலில்தான், மெசேஜில் கும்பிடு படமும் "ஆல் த பெஸ்ட் டீம்" மட்டும்தான் இருக்கும்.

———

நான் ஸ்வர்ணபுரியில் ஒரு இன்சூரன்ஸ் விற்பனை ஆபீஸில் டெலிகாலராக இருந்தேன். எங்களை நிற்க வைக்க மாட்டார்கள், அங்கே வேறு மாதிரி. டீம் லீடர் ராத்திரி பதினோரு மணிக்கு "லீட் பத்திப் பேசணும்" என்று கூப்பிடுவார். எடுக்காவிட்டால் மறுநாள் நல்ல லீட் (பாலிசி வாங்க வாய்ப்புள்ளவர்களின் நம்பர்) எல்லாம் வேறு ஆளுக்குப் போய்விடும், ஏற்கெனவே நாலு பேர் கூப்பிட்டுத் திட்டு வாங்கிய நம்பர்கள் எனக்கு வரும். ஹெச்ஆரிடம் சொன்னேன். "டாப் பெர்ஃபார்மர்மா அவரு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் வருஷச் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அந்த விவரத்தை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்கவும் வேண்டும். எங்கள் நோட்டீஸ் போர்டில் தாய்லாந்து டூர் போட்டோதான் இருந்தது. எழுத்தில் புகார் கொடுத்த பிறகுதான் சென்னையில் ஒரு குழு இருக்கிறது என்றே தெரிந்தது. விசாரித்தார்கள், ஆளை வேறு கிளைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்தக் கிளையிலும் பெண்கள் இருக்கிறார்களே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சின்ன ஆபீஸ் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு, கலெக்டர் ஆபீஸில் விசாரிக்கலாம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

———

நாங்கள் ஏற்காடு. நாகலூர் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. மிளகு விற்ற பணத்தை பேங்கில் போடப் போனவரை, அங்கேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த இன்சூரன்ஸ் பையன் எஃப்டி என்று சொல்லி, வருஷா வருஷம் கட்டும் பாலிசியில் கையெழுத்து வாங்கிவிட்டான். அடுத்த பிரீமியம் கேட்டு போன் வந்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரியும்.

பாலிசி வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதற்கான ஃப்ரீ லுக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அது இப்போது 30 நாள், ஆனால் பாலிசி பத்திரம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து கணக்கு. "யார் கைக்குக் கிடைச்சது?" என்று கேட்டேன். ஈமெயிலில் அனுப்பினோம் என்றார்கள். படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தால் அதில் யாருடையதோ ஒரு ஈமெயில். அப்பாவுக்கு ஈமெயிலே கிடையாது, பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்! கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன், மழுப்பலாக ஒரு பதில். அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதிந்ததும் சுருதி மாறியது. அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ஸ்டாம்ப் டியூட்டி, அது இது என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பையன் இப்போது ஒண்டிக்கடை பக்கம் வேறு ஒரு கம்பெனிக்குக் குடை போட்டு நிற்கிறான். அப்பா அவனைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறார், "மேல இருக்கறவன் விரட்டறான், இவன் என்ன பண்ணுவான்" என்கிறார். மேலே இருப்பவன் விரட்டினான் சரி, அந்த ஈமெயிலை யார் எழுதியது? எனக்கு அந்தப் பக்கம் போனாலே எரிச்சலாக இருக்கிறது.