உதவி: தினமும் நேரம் பதிந்தும் ஸ்பிரின்ட் வரைபடம் இறங்கவே இல்லை

வைகைக்கரை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழுவினர் அனைவரும் தாங்கள் வேலை செய்த நேரத்தை ஒவ்வொரு நாளும் தவறாமல் பதிவு செய்கிறார்கள். ஆனாலும் மீதமுள்ள வேலையைக் காட்டும் பர்ன்டவுன் வரைபடத்தின் கோடு, ஸ்பிரின்டின் (திட்டமிட்ட வேலைகளை முடிக்க ஒதுக்கும் இரண்டு வாரத் தவணை) தொடக்கத்திலிருந்து படுத்தவாறே ஓடி, கடைசி நாளில் செங்குத்தாக விழுகிறது. போன ஸ்பிரின்டிலும் இதே நிலைதான். குழு கடைசி நாள் வரை எதுவும் செய்யவில்லை என்று மேனேஜர் எண்ணுகிறார், அது உண்மையல்ல. நாளை காலை ஆய்வுக் கூட்டம் இருப்பதால், இதைச் சரிசெய்யும் வழி தெரிந்தவர்கள் விரைவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

குறிஞ்சி:
எந்த மென்பொருள் என்று சொல்லவில்லையே? ஜிராவா, அஷூர் டெவ்ஆப்ஸா, வேறு ஏதாவதா? மதிப்பீட்டை ஸ்டோரி பாயின்டில் (வேலையின் அளவைக் குறிக்கும் ஒப்பீட்டு எண்) வைக்கிறீர்களா, மணிக்கணக்கில் வைக்கிறீர்களா? இவ்விரண்டும் தெரியாமல் யார் சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

தென்றல்:
டாஸ்க்குகள் மிகப் பெரியவையாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு டாஸ்க் ஒரு வாரம் நீண்டால் அது முடியும் வரை கோடு அசையாது. ஒன்றிரண்டு நாளில் முடியக்கூடிய துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள்.

கணக்கர்:
இருபது ஆண்டுகளாகத் திட்ட மேலாண்மையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இதில் மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு வாரத்து டைம்ஷீட்டை மொத்தமாக நிரப்பும் குழுக்களில்தான் இந்த வடிவம் வரும். தினமும் பதிகிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள், பதிவுகளின் தேதியைத் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அடிப்படையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பது நல்லது.

வைகைக்கரை:
ஜிராதான். பாயின்ட் முறை. பதிவுகளைப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றும் அந்தந்த நாளிலேயே பதியப்பட்டிருக்கிறது.

குறிஞ்சி:
பாயின்ட் முறை என்றால் விடை பாதி கிடைத்துவிட்டது. டாஸ்க்குகளை நிலைவாரியாக நெடுவரிசைகளில் காட்டும் ஜிரா போர்டின் அமைப்பில் எஸ்டிமேஷன் என்ற பகுதியில் ஸ்டோரி பாயின்ட் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் கீழே உள்ள டைம் ட்ராக்கிங் அணைக்கப்பட்டிருந்தால், நீங்கள் எத்தனை மணி நேரம் பதிந்தாலும் பர்ன்டவுன் அதைக் கணக்கில் எடுக்காது. டாஸ்க் முழுதாக முடிந்தால்தான் அதன் பாயின்ட் கழியும். முடிந்தது என்பதற்கும் ஜிரா ஒரே ஓர் அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது: போர்டின் வலது ஓரத்திலுள்ள கடைசி நெடுவரிசைக்கு அந்த டாஸ்க் வந்திருக்க வேண்டும். உங்கள் போர்டில் கடைசி நெடுவரிசை எது?

வைகைக்கரை:
நடப்பில், டெஸ்டிங், டன் (முடிந்தது), அதற்கு அடுத்து கிளையன்ட் ஒப்புதல்.

குறிஞ்சி:
கோடு விழும் இடம் அதுதான். கிளையன்ட் எல்லாவற்றுக்கும் ஸ்பிரின்டின் கடைசி நாளில் ஒன்றாக ஒப்புதல் தருகிறார் என்றால், அதுவரை ஒரு டாஸ்க்கும் முடிந்ததாக ஜிரா எண்ணாது. டன், கிளையன்ட் ஒப்புதல் ஆகிய இரண்டு நிலைகளையும் ஒரே கடைசி நெடுவரிசைக்குள் வைத்துவிடுங்கள். மணிக்கணக்கில் இறங்கும் கோடுதான் வேண்டும் என்றால் டைம் ட்ராக்கிங்கில் ரிமெய்னிங் எஸ்டிமேட்டை (மீதமுள்ள நேர மதிப்பீடு) தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒரிஜினல் எஸ்டிமேட் (தொடக்க நேர மதிப்பீடு) முன்கூட்டியே இடப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கழிப்பதற்கு எதுவும் இருக்காது. போர்டின் அமைப்பை மாற்ற அதன் நிர்வாகி உரிமை தேவை.

நெய்தல்:
மணிக்கணக்குக்கு மாறச் சொல்லாதீர்கள். செலவழித்த நேரம் செலவை மட்டுமே காட்டும், முன்னேற்றத்தைக் காட்டாது. பத்து மணி நேரம் என்று மதிப்பிட்ட வேலையில் ஒன்பது மணி நேரம் பதிந்தாகிவிட்டது என்பதற்காக அது 90 சதவீதம் முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? முடிந்தால் முழு மதிப்பு, முடியாவிட்டால் பூஜ்யம் என்ற கணக்கே நேர்மையானது.

தென்றல்:
மணிக்கணக்கில் பில் போடும் நிறுவனங்களுக்கு அது போதாது. மதிப்பிட்டதை விட எவ்வளவு கூடுதலாகப் போகிறது என்று மாதக் கடைசியில் தெரிந்து என்ன பயன்?

கணக்கர்:
இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான், முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிடும் ஈட்டிய மதிப்பு முறை இருக்கிறது. மொத்தம் 100 மணி நேர வேலையில் இன்றைக்குள் 60 மணி நேரத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது திட்டம், உண்மையில் முடிந்தது 40 மணி நேர மதிப்புள்ள வேலை, அதற்குச் செலவானது 50 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால அட்டவணைக் குறியீடு 40-ஐ 60-ஆல் வகுத்தால் 0.67, செலவுக் குறியீடு 40-ஐ 50-ஆல் வகுத்தால் 0.8. இரண்டும் 1-க்குக் கீழே இருப்பதால், அட்டவணையிலும் பின்தங்கியிருக்கிறோம், செலவும் மிஞ்சுகிறது என்று இரண்டு எண்களில் தெரிந்துவிடுகிறது.

நெய்தல்:
ஆனால் அந்த அட்டவணைக் குறியீட்டை இறுதிக்கட்டத்தில் நம்ப முடியாது. எவ்வளவு தாமதமாக முடித்தாலும், எல்லா வேலையும் முடிந்த அன்று ஈட்டிய மதிப்பும் திட்ட மதிப்பும் சமமாகிக் குறியீடு 1 என்று காட்டும். இந்தக் குறையைப் போக்கவே திட்ட மேலாண்மை வல்லுநர் வால்ட் லிப்கே 2003-இல் மதிப்புக்குப் பதிலாகக் காலத்தையே அளக்கும் முறையை முன்வைத்தார்.

கணக்கர்:
அது பல மாதங்கள் ஓடும் திட்டங்களில்தான் உறுத்தும். இரண்டு வார ஸ்பிரின்டில் அதைப் பேச வேண்டியதில்லை.

நெய்தல்:
இரண்டு வாரத்தில் இரண்டு நாள் தாமதமும் பெரிய பங்குதானே? சிறிய காலம் என்பதாலேயே கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வைகைக்கரை:
இரண்டு நிலைகளையும் ஒரே நெடுவரிசையில் வைத்ததும் கோடு படிப்படியாக இறங்குவது தெரிகிறது. பாயின்ட் முறையையே தொடர்கிறோம். குறிஞ்சிக்கு மிக்க நன்றி. கூட்டத்துக்குத் தயாராக வேண்டும்.

குறிஞ்சி:
மகிழ்ச்சி. மேனேஜரிடம் அந்த ஒரு வரைபடத்தை மட்டும் காட்டாமல், எந்தெந்த நெடுவரிசையில் எத்தனை டாஸ்க் தேங்கி நிற்கிறது என்று காட்டும் கியூமுலேட்டிவ் ஃப்ளோ வரைபடத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒப்புதலுக்காக எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்பதை அதில் தனியாகக் காண வேண்டுமானால், அந்த நெடுவரிசை பிரிந்தே இருக்கும் இன்னொரு போர்டை அதே டாஸ்க்குகளைக் கொண்டு அமைத்துக்கொள்ளலாம்.