பாம்பனில் கடல் உள்வாங்கினாலே சுனாமி வீடியோ போடுவது சரியா?

பாம்பன்வாசி எழுதியது:

போன வாரம் எங்கள் வடகடல் பக்கம் தண்ணீர் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. நாலைந்து நாட்டுப்படகுகள் தரைதட்டிச் சாய்ந்து நின்றன, பாசியும் சிப்பியும் வெளியே தெரிந்தன. எங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, மதியத்துக்குள் தண்ணீர் திரும்பிவிடும். ஆனால் யாரோ அதைப் படம் எடுத்து, எங்கேயோ கிடைத்த பெரிய அலைக் காட்சி ஒன்றையும் ஒட்டி, 'பாம்பனை நோக்கி...' என்று ஷார்ட்ஸ் போட்டுவிட்டார்கள். மஸ்கட்டில் இருக்கும் என் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஏழு தடவை போன் அடித்திருக்கிறார். நான் ஐஸ் ஏற்றப் போயிருந்தேன், அம்மா மீன் ஏலத்தில் இருந்தார், ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் நான் பேசியபோது அவருக்குக் குரலே வரவில்லை.

போட்ட பையன் எங்கள் தெருதான். கேட்டால் 'மீம்தானேண்ணே' என்கிறான். எனக்கும் மீம் பிடிக்கும். பாம்பனில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்ததும் 'கூண்டுக்குள்ளே யாரு?' என்று ஒன்று சுற்றுமே, அதை நானே பத்துப் பேருக்கு அனுப்புவேன். இதுவும் அந்த வகைதானா, இல்லை நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேனா?

தங்கச்சிமடம் மீனவன் எழுதியது:

தம்பி, நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு வத்தம், அதாவது கடல் தண்ணீர் இறங்குவது, என்றால் தெரியும், ஊருக்கு வெளியே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நம் வடகடலான பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இங்கே வராது, ஆனால் கரை தட்டையாகக் கிடப்பதால் ஒரு அடி இறங்கினாலே நெடுந்தூரம் தரை தெரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வத்தம் கூடும். சோழகம் என்கிற தென்காற்று ஓங்கி அடித்தால் வடகடல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், வாடைக்காற்றுக்குத் தென்கடல் பக்கம் இறங்கும். இவ்வளவுதான் சங்கதி.

சுனாமி வேறு. வத்தம் மணிக்கணக்காக மெல்ல இறங்கும், அது நிமிடக்கணக்கில் உருவிக்கொண்டு போகும். நிலம் பலமாக ஆடினாலோ, கடல் அப்படித் திடீரென்று வெளியேறினாலோ யாரையும் கேட்காமல் மேட்டுக்கு ஓட வேண்டியதுதான். 2004 டிசம்பர் 26 அன்று இலங்கை முன்னால் மறைத்துக் கிடந்ததால் நாகப்பட்டினம் பட்ட பாடு நமக்கு வரவில்லை. மாசாமாசம் இப்படி ஒரு பொய் வீடியோ வந்தால், உண்மையாக எச்சரிக்கை வருகிற அன்றைக்கு நம் பிள்ளைகளே 'சும்மா மீம்' என்று படுத்துக் கிடப்பார்கள். என் பயம் அதுதான். எச்சரிக்கை சொல்வதற்கு ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் இருக்கிறது, 2007இலிருந்து சுனாமி மையம் நடத்துகிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

கீழக்கரை கேமர் எழுதியது:

காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), அந்த ஷார்ட்ஸ் எனக்கும் வந்தது, அலை வருகிற இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நுரை அப்படியே பஞ்சு மாதிரி ஒட்டி நிற்கிறது, கரையில் ஒரு ஆள்கூட நகரவில்லை. கிராபிக்ஸ்தான், என்னைக் கேட்டால் ஏதோ கேமிலிருந்து எடுத்தது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஆர்மா 3 என்ற போர் கேமின் காட்சிகளை நிஜப் போர் என்று உலகம் முழுக்கப் பரப்பி, கடைசியில் 2022 நவம்பரில் அந்த கேமை உருவாக்கிய நிறுவனமே அறிக்கை விட்டது. படம் மங்கலாக இருக்கும், கேமரா ஆடிக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் இருட்டு, சத்தம் இருக்காது, மனிதர்கள் நடமாட மாட்டார்கள், இதையெல்லாம் கவனியுங்கள் என்று சொன்னார்கள். 2025 மே மாதம் இந்தியா பாகிஸ்தான் சண்டை நேரத்திலும் இதே கதை, மத்திய அரசின் செய்தித் துறையான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு இது வீடியோ கேம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கேம் ஆடுகிறவன் என்பதால் எனக்கு இதில் கோபம் கூடுதல். ஏற்கெனவே வீட்டில் வாப்பாவுக்கு கேம் என்றாலே ஆகாது. 2020இல் பப்ஜியைத் தடை செய்தபோது எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். இதில் கேம் காட்சியை வைத்து ஊரைப் பயமுறுத்தினார்கள் என்று தெரிந்தால் போனையே பிடுங்கிவிடுவார்கள்.

ராமேஸ்வரம் அக்கா எழுதியது:

எங்கள் ஆச்சி தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனதை இன்றைக்கும் சொல்வார், சொல்லும்போது கையைப் பிடித்துக்கொள்வார். இந்த மாதிரி வீடியோ வந்தால் நாங்கள் போனை அவர் பக்கம் திருப்புவதே இல்லை. அதே ஆச்சி கூண்டு மீமைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அது யாரையும் ஏமாற்றவில்லை, பார்த்ததுமே கேலி என்று தெரிகிறது. இது செய்தி மாதிரி வேஷம் போட்டு வருகிறது, அதுதான் தப்பு.

பையனை அடித்துவிடாதீர்கள் தம்பி. கரைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் எப்படித் திரும்பி வருகிறது என்று நிற்கவைத்துக் காட்டுங்கள். சித்தப்பாவோடு போனில் பேசவும் வையுங்கள். எடிட் பண்ணத் தெரிந்த பிள்ளை, நம் ஊரை வைத்தே நல்லதாக ஒன்று செய்யட்டுமே.

பாம்பன்வாசி எழுதியது:

அக்கா சொன்னபடி நேற்றுக் கூட்டிப்போனேன். ரெண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், வத்தம் மாறி படகு மெல்ல நிமிர்ந்ததை முழுக்கப் படம் எடுத்தான். பழைய வீடியோவை அங்கேயே நீக்கிவிட்டான். சித்தப்பாவிடம் பேசும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். ராத்திரி புதிதாக ஒன்று போட்டிருக்கிறான்: சாய்ந்து கிடக்கிற படகு, மேலே 'வண்டி பஞ்சர், தண்ணி வந்ததும் கிளம்பும்'. கீழே இது தினமும் நடக்கிற வத்தம்தான், பயப்பட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறான். சித்தப்பாவுக்கு அனுப்பினேன், இன்னும் பார்க்கவில்லை, டூட்டியில் இருப்பார் போல.