வெள்ளம் புகுந்த வீட்டை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா? (முடிச்சூர், தாம்பரம் மேற்கு)

கேள்வி: கோவைமகள்

அனைவருக்கும் வணக்கம். முடிச்சூரில் என் பெற்றோர் 1994-இல் மனை வாங்கிக் கட்டிய தனி வீடு ஒன்று இருக்கிறது. அப்பா காலமான பிறகு அம்மா மட்டும் அங்கே வசித்து வந்தார். முழங்கால் வலி அதிகமாகிவிட்டதால் இப்போது கோயம்புத்தூரில் என்னுடன் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே அம்மா, தம்பி, நான் மூவரும் கலந்து பேசி வீட்டை விற்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்கின்றன.

என் கவலை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தளத்தில் மார்பளவு தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கூடத்தில் கணுக்காலளவு ஏறி, மறுநாள் வடிந்தது. பிறகு சுவரைச் சுரண்டிப் பூசி வண்ணம் அடித்துவிட்டதால், இன்று வீட்டைப் பார்ப்பவர்களுக்கு எந்த அடையாளமும் தெரியாது. வாங்க விரும்புகிறவர்கள் அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருக்கும் இளம் தம்பதி. இரண்டு சிறு குழந்தைகள். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் அருகில் இருப்பதால் அவர்களுக்கு இடம் பிடித்துவிட்டது. வெள்ளத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அவர்களாகக் கேட்காதவரை நாமாகப் பேச வேண்டியதில்லை என்கிறார் தரகர். குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகி ஒருவரும் என்னை அழைத்து, கால்வாய் வேலைகள் நடந்திருக்கும்போது பழையதைப் பேசினால் தெருவிலுள்ள எல்லோருடைய வீட்டு விலையும் இறங்கிவிடும் என்று கேட்டுக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2015-இல் அம்மாவைக் கைத்தாங்கலாகத் தம் வீட்டு மாடிக்கு அழைத்துச் சென்று, தண்ணீர் வடியும்வரை சோறு போட்டுப் பார்த்துக்கொண்ட குடும்பம் அது. அவர்களுடைய வேண்டுகோளை எப்படித் தட்டுவது என்று அம்மா கலங்குகிறார். சொல்ல வேண்டியது எங்கள் கடமையா? கடமை என்றால் எப்போது, எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும்?

---

மறுமொழி: பத்திரம் படிப்பவர்

சகோதரி, முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-ஆவது பிரிவு, விற்பவர், வாங்குபவர் இருவருடைய கடமைகளையும் கூறுகிறது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை ஏதேனும் சொத்திலோ உரிமையிலோ இருந்தால், அதை விற்பவர் வெளிப்படுத்தியே ஆக வேண்டும். அப்படிச் சொல்லாமல் விடுவது மோசடியாகக் கருதப்படும் என்று அதே பிரிவின் இறுதியில் எழுதப்பட்டிருக்கிறது. சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் கேள்விகளுக்குத் தமக்குத் தெரிந்தவரை உண்மையான பதில் தர வேண்டும் என்பதும் அங்கேயே உள்ள இன்னொரு கடமை.

வெள்ளம் அத்தகைய குறையில் அடங்குமா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. முடிச்சூரில் 2015-இல் வெள்ளம் வந்தது ஊரறிந்த செய்தி, வாங்குபவர் அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கலாமே என்று விற்பவர் தரப்பு சொல்லும். ஆனால், குறிப்பிட்ட இந்த வீட்டின் கூடத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பது ஊரறிந்த செய்தி ஆகாது. சுவரில் இருந்த அடையாளமும் பூச்சினால் மறைந்துவிட்ட நிலையில், சாதாரண கவனத்தோடு கண்டுபிடித்திருக்கலாம் என்ற வாதம் எனக்கு வலுவாகத் தெரியவில்லை. முன்பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முன்பணம் கைமாறிய பிறகு சொன்னால், ஒப்பந்தத்தை முறிப்பது யார், பணத்தைத் திருப்பித் தருவது எப்போது என்ற தகராறுதான் மிஞ்சும்.

---

மறுமொழி: ரெண்டாவது குறுக்குத்தெரு

மேலே சொன்னவரோடு முழுமையாக உடன்பட என்னால் முடியவில்லை. நான் இதே பகுதியில் வசிப்பவன். எங்கள் தெருவில் பாதிப்பேர் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். வாழ்நாள் உழைப்பு முழுவதும் ஒரே வீடாக நிற்கிறது. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். நாளை மருத்துவச் செலவு என்று வந்தால் அந்த வீடுதான் கைகொடுக்க வேண்டும். ஒருவர் வெள்ளத்தைச் சொல்லி விலையைக் குறைத்து விற்றால், அடுத்து வருபவர் அந்த விலையை எடுத்துக்காட்டித்தான் பேரம் பேசுவார். விற்றுவிட்டுப் போகிறவருக்கு அது ஒரு நாள் இழப்பு. இருப்பவர்களுக்கு அது நிலையான இழப்பு.

பொய் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காதபோது நாமே முன்வந்து அச்சமூட்டுவானேன்? 2015-க்குப் பிறகு மூடுகால்வாய்கள் கட்டப்பட்டன, அடையாறு அகலப்படுத்தப்பட்டது, 2023-இல் தண்ணீர் முன்புபோல் ஏறவும் இல்லை, நின்றும் கிடக்கவில்லை. இந்த முன்னேற்றத்தையும் சேர்த்துப் பேசாமல் 2015-ஐ மட்டும் பேசுவது நியாயமல்ல.

---

மறுமொழி: ஏரிக்கரை

வேறொரு புறநகர்க் குடியிருப்பில் பல ஆண்டுகள் நலச் சங்கச் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இருப்பவர்களின் அச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் கூட்டங்களிலும் இதே பேச்சு எழுந்ததுண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வெள்ளம் வந்த ஒவ்வோர் ஆண்டும் சங்கத்தின் சார்பில் மாவட்ட ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் மனு எழுதுகிறோம். எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று புகைப்படத்தோடு இணைக்கிறோம். செய்தியாளர்களை அழைத்துக் காட்டுகிறோம். கால்வாய் வந்ததே அந்த மனுக்களால்தான். அரசிடம் எங்கள் தெரு மூழ்குகிறது என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, வீடு வாங்க வருகிறவரிடம் வாயை மூடிக்கொள்ளச் சொன்னால், அந்த மனுக்களில் நாம் எழுதிய ஒவ்வொரு வரியும் வலுவிழந்துவிடும். மறைப்பதால் விலை நிற்காது. வடிகால் வேலை முடிந்தால்தான் விலை நிற்கும்.

தண்ணீர் எப்படி வருகிறது என்பதையும் வாங்குபவரிடம் விளக்குவது நல்லது, ஏனென்றால் இதில் தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் எல்லா இடத்திலும் வெள்ளம் வந்தது, இனி மதகைக் கவனமாகத் திறந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேற்புறத்தில் இருக்கின்றன. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீரும், தாம்பரம் பகுதியில் பெய்யும் மழையும் சேர்ந்துதான் இங்கே ஆற்றைக் கரைமீற வைக்கின்றன. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. கால்வாய் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும், அப்படி ஒரு மழை மீண்டும் வந்தால் இப்பகுதிக்குத் தண்ணீர் வராது என்று எவரும் உறுதி கொடுக்க முடியாது.

விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரண்டு குழந்தைகள். வெள்ளத்தில் பழகியவர்களுக்கு, ஏரி நிரம்பிய செய்தி வந்தவுடன் வண்டியை மேட்டில் நிறுத்தவும், மின் இணைப்பைத் துண்டிக்கவும், குடிநீரையும் மருந்தையும் மாடிக்கு ஏற்றவும் தெரியும். யார் வீட்டு மாடி திறந்திருக்கும் என்பதும் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. நள்ளிரவில் தண்ணீர் வாசலைத் தாண்டிய பிறகே அவர்கள் விழித்துக்கொள்வார்கள். சொல்லாமல் விற்கப்பட்ட வீட்டில் அவர்கள் தரைத்தளத்தில் தூங்கிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. கோவைமகளின் அம்மாவைக் காப்பாற்றிய அந்தக் குடும்பத்திடமே இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வாங்குகிறவர் நாளை அவர்களுக்கும் அண்டை வீட்டுக்காரர்தானே.

---

மறுமொழி: வாங்கியவன்

நான் அடையாற்றங்கரைப் பகுதியில் வீடு வாங்கியவன். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளம் வந்தபோது பொருள் போனதைவிட எங்களை வருத்தியது, சுற்றியிருந்த அனைவருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்ற செய்திதான். அதன்பின் தெருவில் யாரோடும் மனம்விட்டுப் பேச நீண்ட காலம் ஆயிற்று. முன்பே சொல்லியிருந்தாலும் நாங்கள் அந்த வீட்டை வாங்கித்தான் இருப்போம், ஏனெனில் எங்கள் வருமானத்துக்குச் சென்னைக்கு இவ்வளவு அருகில் வேறு தனி வீடு கிடைத்திருக்காது. விலையில் ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு தரைமட்டத்தை உயர்த்தியிருப்போம். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் வேலையை வடநாட்டுத் தொழிலாளர்கள் இங்கே பல வீடுகளில் செய்திருக்கிறார்கள். குடிபுகுவதற்கு முன் செய்தால் செலவோடு போயிற்று. குடும்பத்தோடு இருக்கும்போது செய்தால் பல வாரங்கள் வேறு வீடு தேட வேண்டும்.

வாங்குபவர்கள் வெள்ளத்தையும் உள்ளடக்கிய வீட்டுக் காப்பீட்டை முதல் நாளே எடுத்துவிட வேண்டும். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும். ஆபத்து இருப்பதே தெரியாதவர்கள் அந்தச் செலவு வீண் என்று விட்டுவிடுவார்கள். நாங்கள் அப்படித்தான் விட்டோம்.

---

மறுமொழி: கோவைமகள்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். குழந்தைகளைப் பற்றி எழுதியதைக் கேட்டதும், சொல்லிவிடலாம் என்று உடனே கூறிவிட்டார். சங்க நிர்வாகியிடம் தாமே பேசுவதாகவும் சொன்னார். ரெண்டாவது குறுக்குத்தெரு அண்ணன் சொன்னதையும் நான் ஒதுக்கவில்லை. 2023-இல் எவ்வளவு குறைவாக ஏறியது, எவ்வளவு விரைவில் வடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்வோம். விலையைக் கொஞ்சம் குறைக்கவும் தயாராக இருக்கிறோம். அதில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

---

மறுமொழி: பத்திரம் படிப்பவர்

உண்டு. அரசின் வழிகாட்டி மதிப்பு தெருவாரியாக நிர்ணயிக்கப்படுகிறது. உங்கள் வீட்டில் தண்ணீர் புகுந்ததா என்று அது பார்ப்பதில்லை. நீங்கள் குறைத்த விலை வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனால், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வழிகாட்டி மதிப்பின்மீதே கேட்கப்படும். இன்றைய நிலையில் அவை முறையே 7, 2 விழுக்காடு. வழக்கமாக வாங்குபவரே கட்டுவார். வருமான வரியிலும், விற்ற விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் உள்ள வேறுபாடு 10 விழுக்காட்டைத் தாண்டினால், வழிகாட்டி மதிப்பையே நீங்கள் பெற்ற விலையாகக் கொண்டு மூலதன ஆதாயம் கணக்கிடப்படும். ஆகவே பதிவுத் துறை இணையதளத்தில் உங்கள் தெருவின் மதிப்பைப் பார்த்துவிட்டு, அதன்பின் எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

வாய்மொழியாகச் சொன்னதோடு நிறுத்தாமல், கிரய ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாகவும் எழுதிவிடுங்கள்: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தரைத்தளத்தில் இன்ன அளவு தண்ணீர் புகுந்தது, அதன்பின் இன்னின்ன பழுதுகள் பார்க்கப்பட்டன, இவற்றை அறிந்தே வாங்குபவர் ஒப்புக்கொள்கிறார் என்று இருந்தால் போதும். அம்மா, நீங்கள், தம்பி மூவரும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். வாரிசுகளில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் அது மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. பழைய வெள்ளப் புகைப்படங்கள் இருந்தால் அவற்றின் நகலையும் வாங்குபவரிடம் கொடுங்கள். தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று பொறியாளர் முடிவு செய்ய அவை உதவும்.