பழைய பெட்ஃபோர்டு கேபின்: மாற்றுப் பேனலை வெல்ட் வைப்பதா, ஒட்டுவதா?

லாரிப் பிரியன்:
பழைய பெட்ஃபோர்டு டிகே லாரி ஒன்றைச் சரிசெய்கிறேன். கதவுக்குக் கீழே உள்ள சில்லும் கேபினின் பின்பக்க மூலைகளும் துருப்பிடித்துப் பொத்தலாகிவிட்டன. இங்கிலாந்திலிருந்து மாற்றுப் பேனல்கள் வந்துவிட்டன. விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்ட் வைப்பதா, பழைய தகட்டின் மேல் ஏற்றி ஒட்டுவதா?

காக்கி புக்கிட் வெல்டர்:
விளிம்போடு விளிம்புதான். ஏற்றி வைத்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கிவிடும். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் அடிக்கடி 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். பெயிண்ட் கொப்பளிக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

பசைக்கட்சி:
அண்ணே, வெறும் தகட்டை ஏற்றி வெல்ட் வைத்தால்தான் அந்தக் கதை. பேனல் பாண்ட் பசை போட்டால் இடைவெளி முழுக்கப் பசை நிரம்பிவிடும், ஈரத்துக்கு இடமே இல்லை. கார் தயாரிப்பாளர்களே கதவின் வெளித்தகட்டைப் பசையால் ஒட்டுகிறார்கள். அந்த மூலை அகலமான தகடு. சூட்டில் நெளிந்துவிட்டால் அப்புறம் புட்டி பூசித்தான் மறைக்க வேண்டும்.

காக்கி புக்கிட் வெல்டர்:
ஒரே இழுப்பாக வெல்ட் வைத்தால் நெளியத்தான் செய்யும். மிக் வெல்டிங்கில், அதாவது கம்பியே உருகி மூட்டை நிரப்பும் மின் வெல்டிங்கில், 0.6 மில்லிமீட்டர் கம்பி போட்டு, புள்ளி புள்ளியாக வையுங்கள். ஒரு புள்ளி இங்கே என்றால் அடுத்தது தள்ளி அங்கே, நடுவில் ஆற விடுங்கள். பசைக்கும் சுத்தமான தகடு வேண்டும் தம்பி. துருக்குழி விழுந்த தகட்டில் ஒட்டினால், பசை பிடித்திருப்பது துருவைத்தான். அதோடு, கேபின் முறுக்காமல் பிடித்து நிற்பதே சில்தான். அங்கே பசையை நான் நம்பமாட்டேன்.

பசைக்கட்சி:
சரி, சில்லுக்கு நானும் வெல்டிங்தான் சொல்வேன். ஆனால் அதன் பின்பக்கம்? பெட்டிபோல மூடிய பகுதி, கை போகாது. சூட்டில் பிரைமர் எரிந்து வெறும் இரும்பு நிற்கும். இந்தக் காற்றில் உடனே துரு ஆரம்பித்துவிடும்.

காக்கி புக்கிட் வெல்டர்:
அதற்குத்தான் கேவிட்டி வேக்ஸ், மூடிய பகுதிக்குள் பீய்ச்சும் துருத்தடுப்பு மெழுகு. பெயிண்ட் வேலை முடிந்ததும் வடிகால் துளை வழியாக நீளக் குழாயை விட்டு உள்ளே பீய்ச்சுங்கள். துளை மட்டும் அடைபடக் கூடாது, தண்ணீர் தேங்கினால் எந்த மெழுகும் காப்பாற்றாது.

சுங்கை காடுட்:
முதல் வேலையை இரண்டு பேருமே சொல்லவில்லை. சில்லை வெட்டும் முன் கதவு நிலைக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கேபின் விலகிவிடும். பிறகு பேனலைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, கதவைத் தொங்கவிட்டு மூடிப் பாருங்கள். மாற்றுப் பேனல்கள் எல்லாம் அச்சாகப் பொருந்துவதில்லை. கதவைச் சுற்றிய இடைவெளி சரியான பிறகுதான் கோடு கீறி வெட்ட வேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடியட்டும், அப்புறம் மறுபக்கம்.

லாரிப் பிரியன்:
சட்டம் வைத்துவிட்டே வெட்டுகிறேன். சில்லுக்கு வெல்டிங். மூலைக்குப் பசை போடலாம் என்று நினைக்கிறேன்.

காக்கி புக்கிட் வெல்டர்:
அப்படியானால் புதுப் பேனலின் மேல் விளிம்பை ஒரு தகட்டின் கனத்துக்கு உள்ளே தள்ளி, பழைய தகடு வெளிப்பக்கம் வரும்படி ஒட்டுங்கள். மழைநீர் மூட்டுக்குள் இறங்காமல் வெளியே வழிந்துவிடும். என் லாரியாக இருந்தால் மூலைக்கும் வெல்டிங்தான்.