பிரச்சுவாப் கிரி கான் மாகாணத்தில் வீடு வாங்குவது: குத்தகை வில்லாவா, அடுக்ககமா?

கேள்வி

வணக்கம். தாய்லாந்தின் பிரச்சுவாப் கிரி கான் மாகாணத்தில் வீடு வாங்கலாமா என்று நானும் என் மனைவியும் சில காலமாக யோசித்து வருகிறோம். இருவரும் இந்தியக் குடிமக்கள், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறோம். பணி ஓய்வுக்குப் பிறகு ஆண்டில் சில மாதங்கள் அங்கே தங்கவும், மற்ற மாதங்களில் வாடகைக்கு விடவும் எண்ணம். ஹுவா ஹின் நகரத்துக்கு விடுமுறையில் போயிருக்கிறோம். அதற்குத் தெற்கே உள்ள ஊர்களைப் பார்த்ததில்லை.

தரகர் ஒருவர் இரண்டு வாய்ப்புகளைச் சொல்கிறார். ஒன்று, பாக் நாம் பிரான் கடற்கரைக்கு அருகில் தோட்டமும் நீச்சல் குளமும் உள்ள வில்லா. அதன் நிலத்தை "30+30+30" என்று தொண்ணூறு ஆண்டுக் குத்தகையாக எடுக்கலாம், இல்லாவிட்டால் ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் வாங்கலாம் என்கிறார். மற்றொன்று, ஹுவா ஹின் நகருக்குள் ஓர் அடுக்குமாடி வீடு. மனம் வில்லாவின் பக்கம் சாய்கிறது. தொண்ணூறு ஆண்டு என்பதை எந்த அளவுக்கு நம்பலாம்? கம்பெனி வழி பாதுகாப்பானதா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

நண்பரே, முன்பணம் கொடுத்துவிடாமல் கேட்டது நல்லது. தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது என்பதுதான் 1954ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின் பொதுவிதி. குறைந்தது 4 கோடி பாட் முதலீடு செய்தவர் அனுமதி பெற்று ஒரு ராய், அதாவது 1,600 சதுர மீட்டர் வரை குடியிருப்புக்காக வாங்கலாம் என்ற விலக்கு உண்டு. அது நம்மைப் போன்றவர்களுக்கானது அன்று. மற்ற வழிகள் எல்லாம் இந்தத் தடையை ஒட்டி உருவானவை.

குத்தகையைப் பொறுத்தவரை, அசையாச் சொத்தை அதிகபட்சம் 30 ஆண்டுகளுக்குத்தான் விடலாம் என்று உரிமையியல் சட்டம் சொல்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டதென்றால் நில அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் முழுக் காலத்துக்கும் செல்லும். பதிவாவது முதல் 30 மட்டுமே. அடுத்த இரண்டு முப்பதுகளும் இன்றைய நில உரிமையாளர் எழுதித்தரும் வாக்குறுதி. முப்பது ஆண்டு கழித்து அவர் இருப்பாரா, இல்லாவிட்டால் அவருடைய பிள்ளைகளோ நிலத்தை வாங்கியவரோ அந்த வாக்கைக் காப்பாற்றுவார்களா என்பதற்கு எந்தப் பிடிமானமும் இல்லை. பதிவான காலத்துக்குள் நிலம் கைமாறினால் குத்தகை புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். ஆனால் குத்தகைதாரர் இறந்தால் அது வாரிசுக்குத் தானாகப் போகாது. வாரிசுக்குத் தொடரும் என்ற வாசகத்தை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். வீட்டுக் கட்டடத்தை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ள நிலத்தின் மீது தனி உரிமை ஒன்றைப் பதிவு செய்யும் வழியும் உண்டு. குத்தகையோடு அதையும் சேர்த்துப் பதிந்தால் சற்று வலு கூடும்.

கம்பெனி வழியை நான் வேண்டாம் என்றே சொல்வேன். நிலம் வாங்கும் கம்பெனியில் வெளிநாட்டவரின் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீதி 51 சதவீதத்துக்கு, காசு போடாத தாய்லாந்துக்காரர்களைப் பெயருக்குப் பங்குதாரர்களாகக் காட்டுகிறார்கள். நம் ஊர் மொழியில் இது பினாமி. 1999ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் தொழில் சட்டப்படி, பெயரைக் கொடுத்தவர், கொடுக்கச் செய்தவர் இருவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் பாட் வரை அபராதமும் விதிக்கலாம். அந்தப் பங்குதாரர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நில அலுவலகமும் விசாரிக்கலாம். "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று தரகர் சொல்லுவார். வழக்கு வரும்போது அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

அடுக்குமாடி வீடு மட்டுமே நேரடியாக உங்கள் பெயருக்கு வரும். 1979ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு கட்டடத்தில் உள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். நீங்கள் பார்க்கும் வீடு அந்த ஒதுக்கீட்டுக்குள் வருகிறதா என்று கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கடற்கரையை ஒட்டிய கட்டடங்களில் ஒதுக்கீடு முன்பே நிரம்பியிருப்பது உண்டு. அப்போது "தாய்லாந்தவர் ஒதுக்கீட்டில்" மலிவாகத் தருகிறோம் என்பார்கள், அது மறுபடியும் குத்தகைக்கோ பினாமிக்கோதான் கொண்டுபோய் விடும்.

மறுமொழி 2

சட்டத்தை மேலே உள்ளவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஹுவா ஹின்னை மட்டும் பார்த்துவிட்டு மாகாணத்தை முடிவு செய்வது சரியாகாது.

இது வடக்கு தெற்காக நீண்டு, கிழக்கு மேற்காக மிகவும் ஒடுங்கிய மாகாணம். பிரச்சுவாப் நகருக்குத் தெற்கே ஓரிடத்தில் கடலுக்கும் மியன்மர் எல்லைக்கும் இடையே ஏறத்தாழ 11 கிலோமீட்டர்தான். அந்த ஒடுங்கிய நிலத்துக்குள்ளேயே பெட்காசெம் சாலையும் தென்பகுதி ரயில் பாதையும் ஓடுகின்றன. ஆகவே விளம்பரத்தில் "கடற்கரைக்கு ஐந்து நிமிடம்" என்று இருந்தால், வீடு சாலைக்கும் தண்டவாளத்துக்கும் எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள். ஹுவா ஹின்னில் வெளிநாட்டவரை நோக்கிக் கட்டிய வில்லாக் குடியிருப்புகளில் பல, மேற்கே மலைப்பக்கம் அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கின்றன. சொந்த வண்டி இல்லாமல் அங்கே ஒரு பால் பாக்கெட்டும் வாங்க முடியாது.

பெரிய மருத்துவமனை, பெரிய அங்காடி எல்லாம் ஹுவா ஹின்னோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. பாக் நாம் பிரான், சாம் ரோய் யோட் பக்கம் அமைதி அதிகம், வசதி குறைவு. ஓய்வுக்காலத்துக்கு வீடு பார்ப்பவர் முதலில் எண்ண வேண்டியது, நடு இரவில் நெஞ்சு வலித்தால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைத்தான். பிரச்சுவாப் நகரம் எனக்குப் பிடித்த ஊர்: வளைந்த விரிகுடா, ஊர் நடுவே குரங்குகள் திரியும் குன்று, அருகில் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கும் மனாவ் விரிகுடாவின் கடற்கரை. விலையும் ஹுவா ஹின் அளவுக்கு ஏறியதில்லை. ஆனால் மறுபடி விற்க நினைத்தால் வாங்க ஆள் கிடைப்பது அரிது. (தெற்கே உள்ள வா கோ என்ற ஊரில்தான் 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்கத் தாய்லாந்து மன்னர் மோங்குட் பரிவாரத்தோடு முகாமிட்டார், திரும்பியதும் மலேரியாவில் இறந்தார். அதே கிரகணத்தைப் பிரெஞ்சு அறிவியலாளர் ஜான்சன் நம் குண்டூரிலிருந்து பார்த்தார்.)

போகும் மாதம் முக்கியம். தாய்லாந்து வளைகுடாப் பக்கமான இங்கே அக்டோபர், நவம்பரில்தான் மழை கடுமை; வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியபின் கடல் சில வாரங்கள் கொந்தளிக்கும். வாங்க நினைப்பவர் அப்போதுதான் போக வேண்டும். தெருவில் தண்ணீர் தேங்குகிறதா, கூரை ஒழுகுகிறதா, அலை எதுவரை ஏறுகிறது என்பதெல்லாம் பிப்ரவரி வெயிலில் தெரியாது. பாக் நாம் பிரான் கரையில் படிக்கட்டு வடிவில் கட்டியிருக்கும் தடுப்புச் சுவரைப் பார்த்தாலே கடலரிப்பு எவ்வளவு என்று புரியும். வாங்குவதற்கு முன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த வாடகையை வீணாகப் போன பணமாக எண்ண வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் அடுக்ககத்தையே பார்க்கிறோம். பணத்தை எப்படி அனுப்புவது, பத்திரத்தில் எதைப் பார்ப்பது என்று யாராவது சொல்ல முடியுமா? நாள் வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் வரும் என்றும் தரகர் சொன்னார்.

மறுமொழி 3

பணம் வெளிநாட்டு நாணயமாகவே தாய்லாந்துக்குள் வர வேண்டும். சிங்கப்பூரிலேயே பாட்டாக மாற்றி அனுப்பினால் நில அலுவலகத்தில் சிக்கல். சிங்கப்பூர் டாலராக, பத்திரத்தில் வரப்போகும் பெயரிலேயே, வீடு வாங்குவதற்கு என்ற காரணத்தைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். 50,000 அமெரிக்க டாலருக்கு நிகரான தொகையோ அதற்கு மேலோ வந்தால் தாய்லாந்து வங்கி அந்நியச் செலாவணிப் படிவம் ஒன்றைத் தரும்; அதற்குக் குறைந்தால் வங்கியின் கடிதம். அந்தத் தாள் இல்லாமல் உங்கள் பெயருக்கு மாற்ற மாட்டார்கள். பின்னாளில் விற்ற பணத்தை வெளியே கொண்டுபோகவும் அதுவே சான்று என்பதால் பத்திரமாக வையுங்கள். இருவர் பெயரிலும் வாங்குவதானால் இருவர் பெயரிலும் பணம் வந்ததற்குத் தாள் இருப்பது நல்லது.

நிலப் பத்திரங்களின் தலைப்பில் உள்ள கருட முத்திரையின் நிறத்தைப் பாருங்கள். சிவப்புக் கருடன் என்றால் சானோட், முழு உரிமையுள்ள, எல்லை அளந்த பத்திரம். பச்சையும் கறுப்பும் அதற்குக் கீழ்ப்பட்டவை. வில்லாவுக்கு நிலத்தைக் குத்தகை எடுப்பவரும் இதைப் பார்க்க வேண்டும். பாக் நாம் பிரானைத் தாண்டி உள்ளே போனால் விவசாயிகளுக்காக ஒதுக்கிய நிலத்தையும் காட்டுவார்கள்; அதை விற்கவே முடியாது. எந்தப் பத்திரமானாலும் பின்பக்கம் அடமானம், குத்தகை எல்லாம் பதிவாகியிருக்கும். தாய் மொழி தெரிந்த, தரகரோடு தொடர்பில்லாத வக்கீல் ஒருவர் நில அலுவலகத்தில் உள்ள பிரதியோடு அதை ஒப்பிட்டு வில்லங்கம் பார்க்கட்டும். விற்பவருக்குப் பராமரிப்புக் கட்டணப் பாக்கி இல்லை என்ற சான்றைக் கட்டட நிர்வாகம் தந்தால்தான் பெயர் மாறும்.

பெயர் மாற்றக் கட்டணம் 2 சதவீதம். விற்பவர் வாங்கி ஐந்து ஆண்டு ஆகவில்லை என்றால் 3.3 சதவீதத் தனி வணிக வரி. அது இல்லாவிட்டால் 0.5 சதவீத முத்திரை வரி. எதை யார் கட்டுவது என்பதை முன்பண ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நாள் வாடகை வேண்டவே வேண்டாம். உரிமம் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக விடுவது 2004ஆம் ஆண்டின் ஹோட்டல் சட்டத்துக்கு எதிரானது. அண்டை வீட்டார் புகார் கொடுத்தால் போதும். மாத வாடகைக்குத்தான் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கில் தரகர் சொன்ன லாபம் நிற்கிறதா என்று பாருங்கள்.

வீடு வாங்கினால் தங்கும் விசா கிடைக்காது. ஓய்வுக்கால விசாவுக்கு வயது 50 நிரம்ப வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட் காட்டுவது ஒரு வழி. தாய்லாந்திலேயே ஓர் உயிலும் எழுதி வையுங்கள். வெளிநாட்டவர் ஒருவர் அடுக்கக வீட்டை வாரிசாகப் பெற்றாலும், சொந்தமாக வைத்திருக்கும் தகுதி அவருக்கு இல்லாவிட்டால் ஓராண்டுக்குள் விற்றாக வேண்டும்.

மறுமொழி 4

ஒரு சிறு மாற்றுக் கருத்து. குத்தகை என்றாலே ஒதுங்க வேண்டியதில்லை. 30 ஆண்டுக்கு மட்டும் மதிப்புப் போட்டு, அதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது என்ற கணக்கில் விலை கட்டுப்படியானால், 55 வயதுக்காரருக்கு அது நியாயமான பேரமாகவும் இருக்கலாம். குத்தகைக்கு விடுபவர்கள் கேட்கும் விலை முழு உரிமைக்கான விலை என்பதுதான் கோளாறு. முப்பதால் வகுத்து, கிடைக்கும் தொகையை அதே தெருவில் அதே மாதிரி வீட்டின் ஆண்டு வாடகையோடு ஒப்பிட்டுவிட்டுத் தரகரிடம் பேசுங்கள்.